தொழிலாளரின் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் உண்மையானதா எனச் சரிபார்ப்பது: முழுமையான வழிகாட்டி

ஆண்டுப் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நாட்களில், வழக்கமாக 200 பேர் நுழையும் வாயிலில் 600 பேர் வந்து நிற்பார்கள். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் தடித்த கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி, தொட்டிகளுக்குள் இறங்குவதற்கான பயிற்சி, முதலுதவி, தீயணைப்பு என்று ஆளுக்கு மூன்று நான்கு நகல்கள் அதில் அடுக்கப்பட்டிருக்கும். மறுநாள் காலை 6 மணிக்கு வேலை தொடங்கியாக வேண்டும் என்ற நெருக்கடியில் அந்தக் கோப்பைப் புரட்டுபவர், பெரும்பாலும் பணியில் சேர்ந்து ஓராண்டுகூட நிறைவடையாத இளைய பாதுகாப்பு அலுவலர்.

தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளரின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையைப் பல முறை செய்தும், புதியவர்கள் செய்வதை அருகிலிருந்து கவனித்தும் நான் கண்டது ஒன்று: அவர்கள் தாளின் அச்சையும் முத்திரையையும் உற்று நோக்கியே முடிவெடுக்கிறார்கள். நல்ல அச்சுப்பொறி கிடைக்காத ஊர் இன்று இல்லை. சான்றிதழை வழங்கியதாகச் சொல்லப்படுபவரின் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா, அந்தப் பெயருக்கு உரியவர்தான் நம் முன் நிற்கிறாரா, கற்றதாகச் சொல்லப்படுவதை அவர் செய்து காட்டுகிறாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த வரிசையில் விடை தேடுவதே சரிபார்ப்பு.

1. முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டியவை

ஆட்கள் வாயிலுக்கு வருவதற்கு ஏழு வேலை நாட்களுக்கு முன்பாகவே பெயர்ப் பட்டியலும் சான்றிதழ்களும் வந்து சேர வேண்டும் என்பதை ஒப்பந்த ஆணையிலேயே ஒரு நிபந்தனையாக எழுதச் செய்யுங்கள். பயிற்சி நிலையங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பக் குறைந்தது இரண்டு மூன்று நாட்கள் எடுத்துக்கொள்கின்றன. முதல் நாள் மாலையில் கோப்பைப் பெற்றுக்கொண்டால், சரிபார்க்காமல் உள்ளே விடுவது அல்லது வேலையை நிறுத்துவது என்ற இரண்டு வழிகளே எஞ்சும். உற்பத்திப் பிரிவின் அழுத்தத்தில் முதல் வழிதான் வெல்லும்.

அடுத்து, ஒவ்வொரு தொழிலாளரிடமும் அவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்ட ஒப்புதல் ஒன்றில் கையெழுத்துப் பெறுங்கள். அவருடைய பெயரையும் சான்றிதழ் எண்ணையும் வழங்கிய நிறுவனத்திடம் காட்டி உறுதி செய்துகொள்ள அவர் சம்மதிக்கிறார் என்பது அதில் இருக்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் தனிச் சட்டம் இயற்றப்பட்ட பிறகு, ஒப்புதல் இல்லாமல் விவரம் தரப் பல நிறுவனங்கள் தயங்குகின்றன. அந்தத் தயக்கம் நியாயமானதே.

மூன்றாவதாக, யார் இறுதியாகக் கையெழுத்திடுவார் என்பதை ஒருவர் பெயரில் தீர்மானித்துவிடுங்கள். மனிதவளப் பிரிவு பார்த்திருக்கும் என்று பாதுகாப்புப் பிரிவும், பாதுகாப்புப் பிரிவு பார்த்திருக்கும் என்று வாயிற்காவலரும் நினைத்துக்கொண்ட கோப்புகளைத்தான் விபத்துக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை என்று கண்டுபிடிக்கிறோம்.

2. எந்த வேலைக்கு எந்தச் சான்று என்று முடிவு செய்தல்

கோப்பைத் திறக்கும் முன்பே ஒரு பக்கத்தில் இந்தப் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். சாரம் கட்டுபவர், சாரத்தின் மேல் நின்று வேலை செய்பவர், தொட்டிக்குள் இறங்குபவர், வெளியே காவலாக நிற்பவர், வெல்டிங் நடக்குமிடத்தில் தீக்காவல் பார்ப்பவர், கிரேன் ஓட்டுநர், சுமையைக் கட்டும் ரிக்கர், அவருக்குச் சைகை காட்டுபவர், மின்பணியாளர் ஆகிய ஒவ்வொருவருக்கும் எது கட்டாயம் என்பதை வேலையை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். சான்றிதழைப் பார்த்த பிறகு தீர்மானித்தால், கையில் இருக்கும் தாளுக்கு ஏற்ப வேலையின் தேவையை வளைத்துவிடுவோம்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது போலியான தாளால் அன்று, பொருந்தாத தாளால்தான். தொழிற்பயிற்சி நிலையத்தின் தேசியத் தொழிற்சான்று ஒருவர் ஃபிட்டர் தொழிலைக் கற்றவர் என்பதைக் காட்டும். 30 மீட்டர் உயரத்தில் பாதுகாப்பாக நிற்கக் கற்றவர் என்பதைக் காட்டாது. வெல்டரின் தகுதித் தேர்வுச் சான்று பற்றவைப்பின் தரத்துக்கு உரியது. கனரக வாகன ஓட்டுநர் உரிமம் சாலைக்கு உரியது. கிரேனின் சுமை அட்டவணையை வாசிக்கத் தெரியும் என்பதற்கு அது ஆதாரம் இல்லை. வேறொரு ஆலையில் நுழைவின்போது தரப்பட்ட அறிமுகப் பயிற்சியின் சான்றும் அப்படித்தான்: அது அந்த ஆலையின் அபாயங்களுக்கு உரியது, நம் ஆலைக்குச் செல்லாது. இவை அனைத்தும் உண்மையான ஆவணங்களாக இருக்கலாம். கேட்ட கேள்விக்கு விடையாக மட்டும் அமைவதில்லை.

3. மூலத்தைக் கேட்டுப் பெறுதல்

நகலை வைத்து எதையும் உறுதி செய்யாதீர்கள். தாளாக வழங்கப்பட்டிருந்தால் மூலத்தாளையும், மின்னணு வடிவில் வழங்கப்பட்டிருந்தால் வழங்கியவரிடமிருந்து வந்த கோப்பையே மாற்றமின்றியும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் பெயர் மாற்றப்பட்ட தடம் தெரியாது; நகலுக்கு நகல் எடுத்ததில் எழுத்தைச் சுற்றிய வெட்டுக்கோடுகள் மறைந்துவிடும். மங்கலான நகலையே திரும்பத் திரும்பத் தருபவரிடம் மூலத்தைக் கேட்டதும் வரும் பதில், பல நேரங்களில் பாதி விடையைச் சொல்லிவிடும்.

மூலத்தைப் பார்த்து, நகலில் ‘மூலத்துடன் ஒப்பிடப்பட்டது’ என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்திட்ட உடனே அதைத் தொழிலாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டாம், ஓர் இரவுகூட அலுவலகத்தில் வைத்திருக்கவும் வேண்டாம். மூலச் சான்றுகளைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆளை வேறு இடத்துக்குப் போகவிடாமல் செய்யும் தரகர்கள் இருக்கிறார்கள். நம் சரிபார்ப்பு அதற்கு இன்னொரு வாய்ப்பாகிவிடக் கூடாது.

4. தாளை வாசித்தல்

இந்தப் படியில் எதையும் உண்மை என்று முடிவு செய்ய முடியாது. சந்தேகத்துக்கு உரியவற்றைப் பிரித்தெடுத்து, அடுத்த படியில் முதலில் எதைக் கேட்பது என்ற வரிசையை அமைக்கவே இது உதவும். எனவே ஒரு தாளுக்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் செலவிட வேண்டாம்.

முதலில் தேதிகளைக் கணக்கிடுங்கள். பயிற்சி நடந்த நாள், சான்று வழங்கிய நாள், கெடு முடியும் நாள் ஆகியவை ஒன்றுக்கொன்று இசைகின்றனவா? ஒருமுறை என்னிடம் வந்த ஒரு கட்டில், சென்னையில் வகுப்பறைப் பயிற்சி நடந்ததாகக் குறிப்பிட்டிருந்த நாள் பொங்கல் திருநாளாக இருந்தது. அச்சில் குறையே இல்லை, நாட்காட்டிதான் காட்டிக்கொடுத்தது. அதே போல, பயிற்சி நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் அந்த ஆள் நம் ஆலையிலேயே வேலை செய்ததாக வருகைப் பதிவேட்டில் இருக்கலாம். நம்மிடமே இருக்கும் அந்தப் பதிவேட்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

அடுத்து, ஒரே ஒப்பந்ததாரர் தந்த சான்றிதழ்களை எல்லாம் மேசையில் பக்கம் பக்கமாகப் பரப்பி வையுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாதது சேர்த்துப் பார்க்கும்போது தெரியும்: இருவருக்கு ஒரே எண், எல்லாத் தாளிலும் நூலிழை பிசகாமல் ஒரே கோணத்தில் விழுந்த முத்திரை, ஒரே மடிப்புக் கொண்ட சட்டைக் காலருடன் வெவ்வேறு முகங்கள். 60 பேர் ஒரே நாளில் ஒரே பயிற்றுநரிடம் உயர வேலைப் பயிற்சி பெற்றதாக இருந்தால், ஒவ்வொருவரும் ஹார்னஸ் (விழாமல் தாங்கும் உடல் பட்டை) அணிந்து ஏறி இறங்கியிருக்க நேரம் இருந்திருக்காது என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

சின்னங்களையும் கவனியுங்கள், ஆனால் மயங்காதீர்கள். ஐஎஸ்ஓ 9001 என்று அச்சிட்டிருந்தால் அது அந்த நிறுவனத்தின் நிர்வாக முறை பற்றியது. பயிற்சிக்கான அங்கீகாரம் ஆகாது. ஐஎஸ்ஓ அமைப்பு தானே யாருக்கும் சான்று வழங்குவதும் இல்லை. ‘இந்திய அரசில் பதிவு பெற்றது’ என்ற வரிக்குக் கீழே இருக்கும் எண் பல நேரங்களில் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு எண்ணாக இருக்கும். தையல் கடைக்கும் அந்தப் பதிவு கிடைக்கும். தனியார் பயிற்சி நிலையத்தின் தாளில் நான்முகச் சிங்க முத்திரை இருந்தால் அது வெளிப்படையான எச்சரிக்கை. அரசுச் சின்னத்தை இப்படிப் பயன்படுத்துவதை 2005ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது.

எழுத்துப் பிழை ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். உண்மையான பயிற்சி நிலையங்களின் தட்டச்சிலும் பிழைகள் வருகின்றன.

5. வழங்கியவரிடம் உறுதி செய்தல்

முழு வேலையின் மையம் இந்தப் படிதான். நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். அடிப்படை விதி ஒன்றே: சான்றிதழில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணையோ, இணைய முகவரியையோ, ஒப்பந்ததாரர் தரும் தொடர்பையோ பயன்படுத்தாமல், வழங்கிய நிறுவனத்தை நீங்களே வேறு வழியில் தேடிச் சென்று கேட்க வேண்டும். தாளைப் போலியாக அச்சிட்டவர் தம் நண்பரின் கைப்பேசி எண்ணையும் அதிலேயே அச்சிட்டிருக்கலாம். அந்த எண்ணை அழைத்தால் ‘ஆமாம், எங்கள் மாணவர்தான்’ என்ற பதில் இனிமையாக வரும்.

க்யூஆர் குறியீடு. ஸ்கேன் செய்ததும் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி தோன்றியதும் புதியவர்கள் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்தக் குறியீடு உங்களை எந்த இணையதளத்துக்கு அழைத்துச் சென்றது என்பதை முகவரிப் பட்டையில் எழுத்து எழுத்தாக வாசியுங்கள். அரசு அமைப்பு வழங்கிய சான்று என்றால் முகவரியில் உள்ள தளத்தின் பெயர், அதை அடுத்து வரும் சாய்கோட்டுக்கு முன், ‘ஜிஓவி.இன்’ அல்லது ‘என்ஐசி.இன்’ என்று முடிய வேண்டும். அந்த எழுத்துகள் முகவரியின் நடுவில் எங்கோ வருவது போதாது. சில குறியீடுகள் எந்தத் தளத்துக்கும் செல்லாமல், தாளில் உள்ள பெயரையும் எண்ணையுமே திரும்பக் காட்டும். அதனால் எதுவும் உறுதியாவதில்லை. பாதுகாப்பான முறை, குறியீட்டை விட்டுவிட்டு, வழங்கியவரின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, சான்றிதழ் எண்ணை அங்கே இடுவது.

டிஜிலாக்கர். வழங்கிய துறையின் தரவுத்தளத்திலிருந்து நேரடியாக வந்து ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் இருக்கும் சான்றுக்குச் சட்டப்படி மூல ஆவணத்துக்கு இணையான மதிப்பு உண்டு. அதே செயலியில் ‘டிரைவ்’ என்ற பகுதியில் யார் வேண்டுமானாலும் எந்தப் படத்தையும் பதிவேற்றி வைக்கலாம். டிஜிலாக்கரில் இருக்கிறது என்று கைப்பேசியை நீட்டியவுடன் ஏற்றுக்கொள்வது நான் அடிக்கடி திருத்த நேர்ந்த தவறு. எந்தப் பகுதியைத் திறந்து காட்டுகிறார் என்று பாருங்கள்; படம்பிடித்து வைத்ததைக் காட்டாமல், உங்கள் கண்ணெதிரே செயலியைத் திறக்கச் சொல்லுங்கள். தொழிற்பயிற்சி நிலையச் சான்றுகளையும் ஸ்கில் இந்தியா திட்டங்களின் சான்றுகளையும் இந்த வழியில் பார்க்கலாம்.

ஓட்டுநர் உரிமத்தை ‘பரிவாகன்’ தளத்தின் ‘சாரதி’ பகுதியில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் இட்டுப் பாருங்கள். எந்த வகை வாகனங்களுக்கு, எந்த நாள் வரை என்பதும் தெரியும். மின்பணியாளரின் கம்பியாளர் தகுதிச் சான்றைத் தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. ஐயம் இருந்தால் சான்று எண்ணைக் குறித்து வாரியத்துக்கே எழுதிக் கேட்பது முறை.

கயிற்றில் தொங்கி வேலை செய்பவர் ஐராட்டா (கயிற்று வேலைக்கான சர்வதேசத் தொழில் அமைப்பு) சான்றுடன் வந்தால், அவரது எண்ணை அந்த அமைப்பின் தளத்தில் நேரடியாகப் பாருங்கள். மூன்று நிலைகள் உள்ள அந்தச் சான்று 3 ஆண்டுகளுக்குச் செல்லும். முதல் நிலையில் இருப்பவர் மூன்றாம் நிலை மேற்பார்வையாளர் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்பதால், குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். முப்பந்தல் போன்ற இடங்களில் காற்றாலைகளில் ஏறுபவர்கள் காட்டும் ஜிடபிள்யூஓ (உலகக் காற்றாலைத் துறை அமைப்பு) பயிற்சிக்குத் தாளே ஆதாரம் இல்லை. ‘வின்டா’ என்ற உலகளாவிய பதிவேட்டில் உள்ள பதிவுதான் ஆதாரம். தொழிலாளரின் வின்டா எண்ணைக் கேட்டுப் பாருங்கள். உயர வேலை உள்ளிட்ட அடிப்படைப் பாடங்கள் 24 மாதங்களுக்குச் செல்லும். ஒரு பாடம் காலாவதியாகி மற்றொன்று உயிருடன் இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு பாடத்தின் நாளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட தளம் இல்லாத தனியார் பயிற்சி நிலையங்களே எண்ணிக்கையில் அதிகம். அவற்றுக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது கேள்வியை எப்படி அமைக்கிறோம் என்பது மிக முக்கியம். ‘இந்தச் சான்று உண்மையா?’ என்று நகலை இணைத்துக் கேட்டால், அலுவலக உதவியாளர் பதிவேட்டைத் திறக்காமலேயே ‘உண்மை’ என்று ஒரு சொல்லில் அனுப்பிவிடுவார். நகலை அனுப்பாமல், சான்றிதழ் எண்ணை மட்டும் குறிப்பிட்டு, ‘இந்த எண் யார் பெயரில், எந்தப் பயிற்சிக்கு, எந்தெந்த நாட்களில் நடந்த வகுப்புக்கு, எந்த நாள் வரை செல்லுமாறு வழங்கப்பட்டது?’ என்று கேளுங்கள். பதிவேட்டைத் திறந்தால் ஒழிய அதற்குப் பதில் எழுத முடியாது. தனியுரிமை காரணமாகப் பெயரைத் தாமாகச் சொல்ல இயலாது என்று அவர்கள் மறுத்தால், தொழிலாளரின் ஒப்புதலை இணைத்து மீண்டும் கேளுங்கள்.

பத்துப் பதினைந்து எண்களை ஒரே மின்னஞ்சலில் கேட்கும்போது, அதே வடிவில் அமைந்த, ஆனால் நானே புனைந்த எண் ஒன்றையும் நடுவில் சேர்த்து அனுப்புவது என் வழக்கம். ‘அந்த எண்ணில் பதிவு இல்லை’ என்று பதில் வந்தால், மற்ற பதில்களையும் நம்பலாம். அதையும் சேர்த்து ‘அனைத்தும் சரி’ என்று வந்தால், அந்தப் பதிலை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் நேரில் பேசுங்கள்.

பதில் எழுத்து வடிவில், நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். தொலைபேசியில் கேட்டதைக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

6. வழங்கிய நிறுவனம் உண்மையிலேயே பயிற்சி தருகிறதா எனப் பார்த்தல்

கண்டுபிடிக்க மிகக் கடினமானது எது என்று கேட்டால், போலி நிறுவனம் தந்த உண்மையான சான்று என்றே சொல்வேன். தாள் அவர்கள் அச்சிட்டதுதான், எண் அவர்கள் பதிவேட்டில் இருக்கும், கேட்டால் உடனே உறுதியும் செய்வார்கள். வகுப்பு மட்டும் நடந்திருக்காது. ஐந்தாம் படியோடு நிறுத்திக்கொள்பவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள்.

இதற்கு மூன்று பொருட்களைக் கேளுங்கள்: குறிப்பிட்ட நாளின் கையெழுத்திட்ட வருகைத்தாள், பயிற்றுநரின் தகுதிச் சான்று, தொழிலாளர் எழுதிய அல்லது செய்துகாட்டிய தேர்வின் மதிப்பீட்டுத் தாள். உண்மையில் வகுப்பு நடத்தியவர்களிடம் இவை இயல்பாகவே கிடக்கும், கேட்ட அன்றே கிடைக்கும். இல்லாதவர்கள் ஒரு வாரம் கழித்து, ஒரே பேனாவில் போட்ட முப்பது கையெழுத்துகளுடன் ஒரு தாளை அனுப்புவார்கள். வருகைத்தாளில் உள்ள கையெழுத்தை, ஒப்புதல் படிவத்தில் உங்கள் முன் போட்ட கையெழுத்துடன் ஒப்பிடுங்கள். முதல் படியில் அந்தப் படிவத்தை வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதிகம் பேரை அனுப்பும் நிலையங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சென்றுவருவது பயனுள்ளது. ஏறுவதற்கான கட்டமைப்பு, ஹார்னஸின் கொக்கியை மாட்டும் நங்கூரப் புள்ளிகள், தேய்ந்த ஹார்னஸ்கள், மனித உருவப் பொம்மை, தீயணைப்பானால் தீயை அணைத்துப் பழகிய கரிப்பிடித்த தட்டு ஆகியவை இருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று அறியலாம். மாடி அறையில் நாற்காலிகளும் திரையும் மட்டும் இருந்தால், உயர வேலைப் பயிற்சி அங்கே நடந்திருக்க முடியாது.

7. சான்றையும் ஆளையும் பொருத்துதல்

சான்று உண்மை என்று உறுதியான பிறகும், அதற்கு உரியவர் வேறு ஊரில் இருக்கலாம். அண்ணனின் சான்றில் தம்பி வருவதும், வேலையை விட்டுச் சென்றவரின் சான்றில் புதியவர் வருவதும் நடக்கின்றன.

பெயரை ஒப்பிடும்போது அவசரப்படாதீர்கள். நம் பக்கத்தில் முதலெழுத்து முன்னே வரும், பின்னே வரும், சில ஆவணங்களில் விரிந்து தந்தை பெயராகவே வரும். ஆங்கிலத்தில் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வருபவர்களின் பெயர்களில் பின்னொட்டு ஓர் ஆவணத்தில் இருக்கும், இன்னொன்றில் இராது. இவை வேறுபாடுகள்தாம், மோசடி அல்ல. மறுபுறம், பிறந்த நாள் ஒத்துப்போகிறது என்பதில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். சரியான நாள் தெரியாத பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றே பதிவாகியிருப்பதால், ஒரே குழுவில் பலருக்கு அந்த நாள் இருக்கும்.

ஆதார் அட்டையின் க்யூஆர் குறியீட்டை, ஆதார் ஆணையத்தின் செயலியைக் கொண்டே வாசித்தால் பதிவில் உள்ள பெயரும் படமும் திரையில் வரும். அந்தப் படத்தை எதிரே நிற்பவரின் முகத்துடன் ஒப்பிடுங்கள். முழு எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டாம். கடைசி நான்கு இலக்கங்கள் போதும்.

பிறகு இரண்டு நிமிடம் பேசுங்கள். பயிற்சி எந்த ஊரில் நடந்தது, எத்தனை நாள், சொல்லிக்கொடுத்தவர் ஆணா பெண்ணா, மதியம் சாப்பாடு எங்கே, எதன் மேல் ஏறச் சொன்னார்கள் என்று கேளுங்கள். போனவருக்கு இவை நினைவில் இருக்கும். தமிழ் அறியாதவராக இருந்தால் மொழிபெயர்க்க நம் ஆலையின் ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் அருகில் நின்றால், பதில் தொழிலாளரிடமிருந்து வராது, அவரது கண்ணசைவிலிருந்து வரும். குரலில் விசாரணைத் தொனி வேண்டாம். அச்சத்தில் தடுமாறுபவரையும் பொய் சொல்பவரையும் வேறுபடுத்துவது அப்போது இயலாததாகிவிடும்.

8. செய்து காட்டச் சொல்லுதல்

எந்தப் பதிவேடும் ஒருவர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறாரா என்பதைச் சொல்லாது. எனவே வேலை அனுமதிச் சீட்டில் கையெழுத்திடும் முன் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடச் செய்முறை இருக்க வேண்டும்.

உயரத்தில் வேலை செய்பவரிடம், ஒரு பட்டை வெட்டுப்பட்ட பழைய ஹார்னஸையும் நல்லது ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து, அணிந்து காட்டச் சொல்லுங்கள். பயிற்சி பெற்றவர் முதலில் தையலையும் பட்டையையும் கையால் தடவிப் பார்ப்பார். பின்புற வளையம் தோள்பட்டைகளுக்கு நடுவே நிற்குமாறு சரிசெய்வார். கொக்கியைத் தலைக்கு மேலுள்ள நங்கூரத்தில் மாட்டுவார். நகரும்போது இரண்டு கொக்கிகளையும் ஒரே நேரத்தில் கழற்ற மாட்டார்.

தொட்டிக்குள் இறங்குபவரிடம் காற்றைச் சோதிக்கும் வரிசையைக் கேளுங்கள்: முதலில் ஆக்சிஜன், அடுத்து தீப்பற்றும் வாயு, பிறகு நச்சு வாயு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் 23.5 சதவீதத்துக்கு மேலே இருந்தாலும் இறங்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியே நிற்கும் காவலரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்?’ ‘உடனே இறங்கித் தூக்குவேன்’ என்று சொல்பவரை, அவர் கையில் எத்தகைய சான்று இருந்தாலும், அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். நல்ல மனதுடன் இறங்கியவர்களும் உள்ளேயே இறந்துபோன செய்திகளைக் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். ஆபத்து மணியை அடித்து, மீட்புக் குழுவை அழைத்து, வெளியே நின்றபடியே கயிற்றால் இழுக்க முயல்வதுதான் அவர் கற்றிருக்க வேண்டியது.

முதலுதவியாளரிடம் பொம்மை ஒன்றைக் கொடுத்தால் போதும்: 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்தம் என்பது கை வேகத்திலேயே தெரிந்துவிடும். கிரேனுக்குச் சைகை காட்டுபவரிடம் ‘நிறுத்து’ சைகையைக் காட்டச் சொல்லிவிட்டு, அதை யார் காட்டினாலும் ஓட்டுநர் நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்பதே விடை.

உண்மையான சான்று இருந்தும் இதில் தவறுபவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேவை மறுபயிற்சி. போலிச் சான்று தந்தவர்களுடன் அவர்களைச் சேர்த்துப் பேசக் கூடாது.

9. பதிவு செய்தலும் கெடு பார்த்தலும்

ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், ஒப்பந்ததாரர், சான்று எண், வழங்கியவர், எந்த வழியில் உறுதி செய்யப்பட்டது, எந்த நாளில், யாரால், கெடு முடியும் நாள், செய்முறையின் முடிவு. ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். ‘வழங்கியவரின் தளத்தில் எண்ணை இட்டுப் பார்த்தேன்’ அல்லது ‘மின்னஞ்சல் பதில் வந்தது’ என்று வழியையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்த வரியை நம்ப வேண்டியிருக்கும்.

கெடு முடியும் நாளை நுழைவுச் சீட்டின் கெடுவுடன் இணைத்துவிடுங்கள். சான்று மாதத்தின் 12ஆம் நாள் முடிகிறது என்றால், நுழைவுச் சீட்டும் 12ஆம் நாளே முடிய வேண்டும். வேலை மாதக் கடைசி வரை இருக்கிறது என்பதற்காகச் சீட்டையும் அதுவரை தருவது பரவலாக நடக்கும் பிழை. மேலும், ஒருவர் சாரத்திலிருந்து தொட்டி வேலைக்கு மாற்றப்பட்டால் இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இரவுப் பணியில் ஆள் குறையும்போது இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடக்கும் என்பதால், இரவு மேற்பார்வையாளரிடமும் பட்டியல் இருக்கட்டும்.

10. போலி என்று தெரியவந்தால்

முதலில் வேலையை நிறுத்துங்கள். அந்த ஒருவரின் வேலையை மட்டும் அல்ல, அதே வழங்குநரின் பெயரில் சான்று தந்த அனைவரின் அபாயகரமான வேலையையும். ஒரே இடத்தில் வாங்கிய தாள்கள் ஒன்றாகவே வந்திருக்கும்.

பிறகு தொழிலாளரிடம் தனியே பேசுங்கள். இரண்டு நாள் ரயிலில் வந்தவர், தம் பெயரில் அச்சிட்ட அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே அறியாதவராக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சிலரிடமிருந்து அதற்கான பணம் கூலியில் பிடிக்கப்பட்டிருந்தது. யார் கொடுத்தது, எவ்வளவு வாங்கினார்கள், வகுப்பு ஏதும் நடந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவரை வாயிலுக்கு வெளியே தள்ளிவிட்டுக் கோப்பை மூடினால், தாளை விற்றவர் அடுத்த வாரம் இன்னொருவரை அதே தாளுடன் அனுப்புவார். தரைமட்டத்தில், மேற்பார்வையின் கீழ் செய்யும் வேலை இருந்தால் அதைத் தாருங்கள்; முறையான பயிற்சியை ஒப்பந்ததாரரின் செலவில், கூலி குறையாமல் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

ஒப்பந்ததாரருக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். சான்றில் பெயர் பயன்படுத்தப்பட்ட உண்மையான நிறுவனம் இருந்தால், அவர்களுக்கும் தெரிவியுங்கள். தங்கள் பெயரில் தாள் விற்கப்படுவது பல நேரங்களில் அவர்களுக்கே தெரிந்திருக்காது. பொய்யாவணம் புனைவதும், பொய் என்று அறிந்தே அதை உண்மையானதாகப் பயன்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 ஆகிய பிரிவுகளின் கீழ் குற்றங்கள். காவல்துறைக்குச் செல்வதை நிர்வாகமும் சட்டப் பிரிவும் முடிவு செய்யட்டும். ஆனால் அந்த முடிவுக்குத் தேவையான மின்னஞ்சல்கள், நகல்கள், வாக்குமூலக் குறிப்புகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் பாதுகாத்து வைப்பது சரிபார்த்தவரின் பொறுப்பு.

கடைசியாக, ஏற்கத்தக்க வழங்குநர்கள், ஏற்கக் கூடாதவர்கள் என்ற இரண்டு பட்டியல்களையும் அன்றே திருத்துங்கள். காரணத்தையும் ஆதாரத்தின் கோப்பு எண்ணையும் பெயருக்கு எதிரே எழுதி, அடுத்த ஒப்பந்த ஆணை எழுதப்படும் முன் கொள்முதல் பிரிவின் கையில் சேர்த்துவிடுங்கள்.